ஒட்டும் ஸ்க்ரூவா, கழற்றி மாட்டும் பிளேட்டா?

மேல்தாடை குறுகிய பிள்ளைக்கு அதை விரிக்க இரண்டு வழி சொல்வார்கள். கடவாய்ப் பல்லில் வளையம் போட்டு சிமெண்ட் வைத்து ஒட்டும் ஸ்க்ரூ ஒன்று, அக்ரிலிக் பிளேட்டில் ஸ்க்ரூ பதித்துக் கழற்றி மாட்டுவது இன்னொன்று. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிய எங்கள் மகனுக்கு ஒட்டும் ஸ்க்ரூதான் போட்டோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். அண்ணன் மகள் பிளேட்டு போட்டவள் என்பதால் இரண்டையுமே பக்கத்திலிருந்து பார்த்தாயிற்று.

வாயில் போடுவதற்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று மேலூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். அண்ணம் வாய்க்குக் கூரை, மூக்குக்குத் தரை. அதன் நடுவே இரண்டு எலும்புகள் சேரும் பொருத்து சிறுவயதில் இறுகியிருக்காது. அங்கே விரித்தால் மூக்கின் அடிப்பக்கமும் அகலும், காற்றுக்குத் தடை குறையும். இது புதுச் சரக்கும் இல்லை. எமர்சன் ஏஞ்சல் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1860-லேயே எழுதிவிட்டார். ஆனால் விரிவு வாய்ப்பக்கம் அதிகம், மேலே போகப் போகக் குறைவு. ஸ்க்ரூ 6 மி.மீ. திறந்தால் மூக்கும் 6 மி.மீ. அகலும் என்று கணக்குப் போட முடியாது. தொண்டைப் பக்கம் எவ்வளவு மாறும் என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை.

ஒட்டிய ஸ்க்ரூவை அதன் ஓட்டையில் சின்னச் சாவி நுழைத்துத் தினம் திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்குக் கால் மி.மீ. வரை திறக்கும். அந்த வேகத்தில் பொருத்தே விலகிக் கொடுக்கும். முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விழுவது அதற்கு அடையாளம், பிறகு தானே மூடிக்கொள்ளும். பிளேட்டை வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் திருப்புவது. எலும்பு விலகுவதைவிடப் பல் வெளியே சாய்வதுதான் அதில் அதிகம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் கடி சரியாகும், மூக்குக்குப் போய்ச் சேருவது குறைவு. மூச்சில் குறையில்லை, குறுகலும் லேசுதான் என்றால் பிளேட்டே போதும், செலவும் குறைவு.

ஆனால் எங்கள் வீட்டில் முடிவைத் தீர்த்தது பராமரிப்புதான். பிளேட்டைச் சுத்தம் செய்வது சுலபம், குழாயடியில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் முடிந்தது. கழற்ற முடிகிறது என்பதுதான் தொந்தரவும். அண்ணன் மகள் பள்ளியில் சாப்பிடும்போது கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைப்பாள். ஒருநாள் காகிதத்தோடு குப்பைக்குப் போயிற்று. புதுசு செய்து வருவதற்குள் விரிந்ததில் பாதி பழையபடி சுருங்கிவிட்டது.

ஒட்டும் ஸ்க்ரூவில் வேலை முழுக்கப் பெற்றோர் தலையில். டியூப்லைட்டுக்கு நேராகப் பிள்ளையை மடியில் சாய்த்து, சாவியில் கட்டிய நூலை விரலில் சுற்றிக்கொண்டு (கை தவறினால் விழுங்கிவிடும்), முன்னிருந்து பின்னாகத் தள்ள வேண்டும். அடுத்த ஓட்டை முழுசாகக் கண்ணில் பட்ட பிறகே சாவியை உருவலாம். பாதியில் விட்டால் மறுநாள் சாவி நுழையாது. அப்புறம் சாப்பாடு. பரோட்டா ஸ்க்ரூவுக்கும் அண்ணத்துக்கும் நடுவே போய் உட்காரும். ஜிகர்தண்டா மெத்தென்றுதானே இருக்கிறது என்று வாங்கிக் கொடுத்தோம், அதிலிருந்த கடல்பாசி ஸ்க்ரூவைச் சுற்றிக்கொண்டு பிரஷ்ஷுக்கு வரவே இல்லை. ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைப் பீய்ச்சியதும் வந்துவிட்டது. அன்றிலிருந்து ராத்திரி படுக்குமுன் அது கட்டாயம். கடலை மிட்டாய்க்குத் தடா, வளையத்தையே பிய்த்துவிடும்.

திருப்பி முடித்ததும் வேலை முடியாது, விலகிய இடத்தில் எலும்பு நிரம்ப நாலைந்து மாதமாவது ஸ்க்ரூ அப்படியே கிடக்க வேண்டும். "பிள்ளைக்கு மூக்குதான் தொறந்துருச்சுல்லய்யா, அந்த இரும்பை எடுக்கச் சொல்லு" என்று அப்பத்தா தினமும் ஒரு பாட்டம் பாடும்.

மகன் இப்போது வாயை மூடித் தூங்குகிறான், குறட்டையும் நன்றாகக் குறைந்திருக்கிறது. முழுப் பேரையும் ஸ்க்ரூவுக்கே கொடுக்க மாட்டேன், வயது ஏற ஏற மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் சுருங்கும். அடினாய்டோ டான்சிலோ பெரிதாக இருந்து அடைத்தால் முதலில் ஈ.என்.டி. டாக்டரிடம்தான் போக வேண்டும். தாடை குறுகல் இல்லாத பிள்ளைக்குக் குறட்டைக்காக மட்டும் இதைப் போடுவதிலும் அர்த்தமில்லை. பதின்வயது தாண்டியவர்களுக்குப் பொருத்து இறுகிவிடும், அண்ண எலும்பிலேயே ஸ்க்ரூ இறக்குவது, அறுவை என்று வேறு முறைகள் உண்டு. எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: ஒட்டிய ஸ்க்ரூவை எடுத்த பிறகு, விரிந்தது சுருங்காமல் இருக்க எங்களுக்கும் ஒரு பிளேட்டு கொடுத்தார்கள், கழற்றி மாட்டுவதுதான். அதற்கு முதல் வேலையாக மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கினோம்.