டைகர் மாத் இறக்கைக்குப் பருத்தியா, பாலியெஸ்டரா?

1931இல் முதலில் பறந்த டைகர் மாத் என்கிற பழைய பயிற்சி விமானத்தின் இறக்கை மரச்சட்டம்தான், மேலே துணி. பழையதைப் பறக்க வைக்க எந்தத் துணி நல்லது என்று காரைக்குடியில் கண்டாங்கி நெய்கிற எங்கள் மாப்பிள்ளை கேட்டார். செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

பருத்திதான் பழைய முறை. டோப் என்கிற, துணியை இறுக்கும் மெருகெண்ணெய் போன்ற பூச்சைப் பூசப் பூசத் துணி இறுகி, விரலால் சுண்டினால் மேளத்தோல் போல அதிரும், அந்தச் சத்தம் எனக்கு உயிர். ஆனால் வெயிலும் பூஞ்சையும் சீக்கிரம் தின்றுவிடும். புதிதில் அங்குலத்துக்கு 80 பவுண்டு இழுவை தாங்குகிற ஏ கிரேடு என்கிற விமானப் பருத்தித் துணி 56க்குக் கீழே போய்விட்டால் பறக்கவே கூடாது, பிரித்து மாற்ற வேண்டியதுதான். நைட்ரேட் டோப் வேறு சட்டென்று தீப்பிடிக்கும்.

பாலியெஸ்டரை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் அளவாகச் சூடு காட்டினால் தானே சுருங்கி இறுகும். நெடுநாள் உழைக்கும். அதற்கும் வெயில் ஆகாது, வெயிலைத் தடுக்க வெள்ளிநிற அலுமினியப் பூச்சு அவசியம்.

சிக்கல் என்னவென்றால், துணி நன்றாக இருக்கிறதே என்று உள்ளே மரத்தை யாரும் பார்க்காமல் விட்டுவிடுவார்கள், அங்கே பசை விட்டு, ஈரம் ஏறி, சட்டம் உளுத்திருக்கும்.

பறக்கிற விமானத்துக்கு, முறையான ஒப்புதல் இருந்தால், பாலியெஸ்டர்தான் என் முடிவு. காட்சிக்கு நிறுத்துவதென்றால், சரி, பருத்தியே போடுங்கள் மாப்பிள்ளை.