யாரும் தொடாதபோது டிஸ்க் ஏன் ஓடுகிறது? விஎம்களோடு சில வருட அனுபவம்

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலை பார்க்கும் சின்ன டிடிபி கடை எங்களுடையது. பழைய எழுத்துருவில் செய்த ஃபைல்கள் ஏகத்துக்கும் கிடப்பதால் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை விட முடியவில்லை, அதை விண்டோஸ் எக்ஸ்பியில்தான் பழகிவிட்டோம், எக்ஸ்பியை இந்தக் காலத்தில் நெட்டோடு இணைக்க முடியாது. ஆகவே டெபியன் லினக்ஸ் போட்டு, ஒரு கம்ப்யூட்டருக்குள் விஎம் எனும் மென்பொருள் கம்ப்யூட்டர்களை ஓட்ட உதவும் கேவிஎம்மில் எக்ஸ்பிக்கு ஒரு விஎம், கணக்குக்கும் ஜிஎஸ்டிக்கும் விண்டோஸ் 10 ஒரு விஎம் என்று வருடக்கணக்காக ஓட்டுகிறோம். ஏற்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. ஒரே உபத்திரவம் ஹார்ட் டிஸ்க்தான்.

டைப் அடிக்கும் அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்பார்: "தம்பி, யாரும் ஒண்ணும் பண்ணல, பொட்டி ஏன் இப்படி இரையுது?" ஆடி மாதம் பத்திரிகை வேலை கிடையாது, அப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து பார்க்க முடிந்தது.

முதலில் எல்லோரும் சொல்வது ஐஓடாப், எந்தப் புரோகிராம் டிஸ்க்கில் எவ்வளவு படிக்கிறது, எழுதுகிறது என்று காட்டும் லினக்ஸ் கட்டளை. ரூட்டாக (முழு அதிகாரத்தோடு), ஓடுகிறவற்றை மட்டும் காட்டி மொத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி விட்டால் நல்ல கருவிதான். ஆனால் விஎம் இருக்கும் இடத்தில் அது காட்டுவது விஎம்மை ஓட்டும் மென்பொருளான கியூஎமு என்ற ஒரே பெயர். ஹோஸ்டை, அதாவது வெளியே இருக்கும் லினக்ஸைப் பொறுத்தவரை ஒரு விஎம் முழுவதும் ஒரு ப்ராசஸ், ஓடுகிற ஒரு புரோகிராம். தெருவில் நின்று கரண்ட் மீட்டரைப் பார்த்து எந்த அறையில் ஃபேன் சுற்றுகிறது என்று சொல்ல முடியுமா, அந்தக் கதைதான். எந்த விஎம் என்பதுவரை வெளியே இருந்து பார்க்கலாம், விர்ஷில் டாம்பிளாக்ஸ்டாட் என்ற கட்டளை ஒவ்வொரு விஎம்மும் எத்தனை பைட் படித்தது, எழுதியது என்று சொல்லிவிடும். இங்கே எகிறிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10.

சரி, உள்ளே போய்ப் பார்ப்போம் என்று விஎம்மின் திரையைக் காட்டும் கன்சோலைத் திறந்து மவுஸை அசைத்ததும் டிஸ்க் கப்சிப். மூடிவிட்டு எழுந்தால் கொஞ்ச நேரத்தில் மறுபடி இரைச்சல். பேய் பிடித்ததோ என்று தோன்றும், உண்மையில் பராமரிப்பு வேலைகளைத் தானாகச் செய்யும் விண்டோஸின் ஆட்டோமேட்டிக் மெயின்டெனன்ஸ் வடிவமைப்பே அப்படித்தான். அதற்கு இயல்பாக வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. நாங்கள் இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம், அதனால் தவறிய வேலையை அடுத்து சும்மா இருக்கும் நேரத்தில் செய்யப் பார்க்கிறது, ஆள் வந்தால் நிறுத்திக்கொள்கிறது. விஎம்முக்கு ஏது ஆள்? ஹோஸ்டில் நாம் வேலை செய்துகொண்டிருந்தாலும் உள்ளே இருக்கும் விண்டோஸுக்கு அது தெரியாது, யாரும் இல்லை என்றே நினைத்துக்கொள்ளும். ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, மவுஸில் கை வைக்காமல் காத்திருந்ததும் பெயர்கள் வந்தன: தேடலுக்குப் பட்டியல் போடும் சர்ச் இண்டெக்ஸர், வைரஸ் பார்க்கும் டிஃபெண்டர், அப்டேட் நிறுவும் டை ஒர்க்கர். இண்டெக்ஸிங்கை நிறுத்தினேன், பில் ஃபைல்கள் நாலைந்து ஃபோல்டரில்தான் இருக்கின்றன, தேட அது எதற்கு? டிஃபெண்டரைத் தொடவில்லை. மெயின்டெனன்ஸ் நேரத்தைக் கடை சாத்துவதற்குச் சற்று முன்னால் மாற்றி வைத்தேன். இப்போது மத்தியானம் சத்தம் இல்லை.

ஆனால் இதோடு தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். புதிதாக 4 டிபி டிஸ்க் ஒன்று மாட்டிய அன்று, இரண்டு விஎம்மையும் அணைத்த பிறகும் டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. ஐஓடாப்பில் வந்த பெயர் எக்ஸ்ட்4 லேசி இனிட், அது லினக்ஸின் மையமான கெர்னலின் சொந்த வேலை. அவ்வளவு பெரிய டிஸ்க்கை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் ஃபைல் சிஸ்டமாக ஃபார்மேட் செய்வது சட்டென்று முடிவதன் ரகசியமே இதுதான், ஃபைல்களின் விவரம் வைக்கும் ஐநோடு அட்டவணைகளை அப்போதே சுத்தம் செய்யாமல், மவுன்ட் செய்த (பயன்பாட்டுக்கு இணைத்த) பிறகு மெதுவாகச் செய்துகொள்ளும். அதை அப்படியே விட்டால் தானாக முடிந்துவிடும். இதற்குப் பயந்து டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தவர்களும் இருக்கலாம்.

இன்னொன்று ஸ்வாப், ராம் போதாதபோது டிஸ்க்கை ராம் போலப் பயன்படுத்துவது. மொத்தம் 16 ஜிபி ராம், அதில் விண்டோஸுக்கு 8, எக்ஸ்பிக்கு 2 கொடுத்துவிட்டு ஹோஸ்டில் பெரிய போஸ்டர் ஒன்றை ஜிம்ப் என்ற பட மென்பொருளில் திறந்தால் அப்புறம் டிஸ்க் ஓடாமல் என்ன செய்யும். விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) என்ற இரண்டு பத்தியும் பூஜ்யமாக இல்லையென்றால் விஎம்முக்குள் போய்த் தேடுவது வீண். விண்டோஸுக்கு 6, எக்ஸ்பிக்கு 1 என்று குறைத்தேன், பேஜ்மேக்கருக்கு அதுவே தாராளம்.

இவ்வளவுக்குப் பிறகும் சில நொடிக்கு ஒருமுறை விளக்கு லேசாக மினுக்கும். எக்ஸ்ட்4 தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜர்னல் இயல்பாக 5 நொடிக்கு ஒருமுறை டிஸ்க்குக்கு எழுதும், அது. இடைவெளியை 60 நொடியாக்கு, விஎம் டிஸ்க்கின் கேஷை (எழுதுவதை ராமில் தேக்கி வைக்கும் முறையை) அன்சேஃபில் வை, சத்தமே இருக்காது என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அன்சேஃப் என்றால் உள்ளே இருக்கும் விண்டோஸ் "இப்போதே எழுதிவிடு" என்று கேட்பதை ஹோஸ்ட் காதில் போட்டுக்கொள்ளாது. இரண்டிலுமே கரண்ட் போனால், இன்னும் எழுதாதது போய்விடலாம். கஜா புயலுக்கு அப்புறம் டெல்டாவில் இன்வெர்ட்டர் இல்லாத கடை குறைவுதான், ஆனாலும் ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும், எங்கள் பேட்டரியும் பழசு, இரண்டையும் நான் செய்யவில்லை.