மெதுவோட்டம், 4x4, தபாட்டா, டெம்போ: சில வருடம் செய்து பார்த்த பிறகு

ஸ்டாமினா கூட என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் எல்லாவற்றையும் சில மாதமாவது விடாமல் செய்து பார்த்திருக்கிறேன். எனக்கு அதிகம் கொடுத்தது மெதுவோட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை.

மெதுவோட்டம் என்றால் உண்மையிலேயே மெதுவாக. ஓடிக்கொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், கொஞ்ச தூரம் நடந்துவிட்டு மறுபடி ஓடலாம். முதல் சில வாரம் எந்த மாற்றமும் தெரியாது, நிறையப் பேர் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆனால் அதற்குள்ளேயே உடம்பு மாற ஆரம்பித்திருக்கும்: இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடும், தசைகளில் நுண்ணிய ரத்தக்குழாய்களும், செல்லுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பெருகும். எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், ஒரே வேகத்தில் ஓடினாலும் நேரம் ஆக ஆக நாடித்துடிப்பு தானாக ஏறும் இல்லையா, முன்பெல்லாம் அரை மணி நேரம் தாண்டியதும் மளமளவென்று ஏறிவிடும், இப்போது ஒரு மணி நேரம் ஓடினாலும் பெரிதாக ஏறுவதில்லை. காலையில் எழுந்ததும் பார்க்கும் துடிப்பும் நன்றாகக் குறைந்திருக்கிறது.

அடுத்தது நார்வேக்காரர்களின் 4x4. உச்சத் துடிப்பில், அதாவது இதயம் ஒரு நிமிடத்தில் அதிகபட்சம் துடிக்கக்கூடிய அளவில், 90 முதல் 95 சதவீதம் வரும்படி 4 நிமிடம், நடுவில் 3 நிமிடம் லேசான ஓட்டம், இப்படி 4 சுற்று. முதல் சுற்றில் துடிப்பு மேலே போகவே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதற்காக ஆரம்பத்திலேயே பாய்ந்து ஓடினால் கடைசிச் சுற்றில் கால் வராது. மணிக்கட்டு வாட்ச் இந்த மாதிரி ஏற்ற இறக்கத்தில் பின்தங்கிக் காட்டும், நெஞ்சில் கட்டும் பட்டை எவ்வளவோ மேல். பலன் சீக்கிரமே தெரியும், மாடிப்படி ஏறும்போதே வித்தியாசம் புரியும். ஆனால் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் போனால் எனக்குத் தூக்கம் கெடுகிறது, மறுநாள் ஓட்டமும் வீணாகிறது.

தபாட்டா: 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு முறை. 1996இல் வெளியான ஜப்பானியர்களின் ஆய்வில் இதை உடற்பயிற்சி சைக்கிளில், உடம்பு பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவையும் தாண்டிய தீவிரத்தில் செய்தார்கள். கடிகாரத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு மிதமாகக் குதித்தால் அது வேறு பயிற்சி. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன்.

டெம்போ, அதாவது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தில் 20 நிமிடம். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு ரொம்ப உதவும். சாதாரண நாள்களையும் மெல்ல மெல்ல அந்த வேகத்துக்கு இழுத்துவிடும் என்பதால் போட்டி இல்லாத காலத்தில் நான் தொடுவதில்லை.

இப்போது என் வாரத்தில் பெரும்பகுதி மெதுவோட்டம், நடுவில் ஒரே ஒரு 4x4. அப்புறம், உச்சத் துடிப்பு என்று 220இலிருந்து வயதைக் கழித்துச் சொல்லும் எண்ணை ரொம்ப நம்பாதீர்கள், ஒரே வயதுக்காரர்களுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருப்பது சகஜம். ரத்த அழுத்தமோ இதயப் பிரச்சினையோ இருந்தால் வேகப் பயிற்சியைத் தொடுவதற்கு முன் மருத்துவரைக் கட்டாயம் பாருங்கள்.