நான் போனபோதே மோட்டார் சூடாக இருந்தது

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் பழையதாக வாங்கப் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 78,000 ரூபாய் கொடுத்து ஒரு பெயின்ட் பூச்சை வாங்கி வந்தவன் எழுதுகிறேன்.

பதினோரு வருடம் வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டுத் தொண்டிக்கு வடக்கே இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்பினேன். அப்பா பாய் விரித்துக் கடலுக்குப் போனவர். கடல் எனக்குக் கொஞ்சம் தெரியும். படகு மோட்டார் தெரியாது. லாரி எஞ்சினையே பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம் என்ற நினைப்பு வேறு. ஃபைபர் படகு நல்லபடியாக அமைந்துவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் தடைக்காலத்தில் கரையில் நிற்கும். சின்னப் படகு கொண்டுவரும் மீனுக்கு அப்போதுதான் விலை. அதற்குள் மோட்டார் வேண்டும் என்று பறந்தேன். அந்த அவசரம் தரகருக்கு என் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

பத்து மணிக்கு வருகிறேன் என்று முதல் நாளே போனில் சொல்லிவிட்டுப் போனேன். முதல் தவறு அதுதான். கடை வாசலில் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டி வைத்திருந்தார்கள். 9.9 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். கருகருவென்று பெயின்ட், மூடியில் புது ஸ்டிக்கர். “இரண்டே வருடம் ஓடியது தம்பி. வைத்திருந்தவர் சொந்தக் கையால் ஓட்டினார், ஆள் விட்டு ஓட்டவில்லை” என்றார் தரகர். ஒரே இழுப்பில் கிளம்பியது. பின்னால் தண்ணீர் அழகாகப் பீய்ச்சி அடித்தது. இரண்டு நிமிடத்தில் அணைத்துவிட்டார்.

கயிற்றை இழுப்பதற்கு முன் மூடியில் கை வைத்தேன். சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தேன். மோட்டார் நின்றதோ கூரை நிழலில்! டிரம் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததும், அதன்மேல் எண்ணெய் வானவில் போலப் படர்ந்திருந்ததும், சுற்றிலும் மண் நனைந்து கிடந்ததும் வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்த எஞ்சின் குளிர்ந்த நிலையில் சுலபமாகக் கிளம்பாது. நான் வருவதற்கு முன்பே யாரோ தோள்பட்டை வலிக்க இழுத்துக் கிளப்பி, சூடேற்றி வைத்திருந்திருக்கிறார்கள்.

படகோடு பிடிக்கும் இடத்தில் எண் தகடு இருக்க வேண்டும். இல்லை. ஆணி அடித்த இரண்டு ஓட்டைகளையும் பட்டி வைத்து அடைத்து, அதன்மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். தகடு எங்கே என்று கேட்டதற்கு, “உப்பு தின்றுவிட்டது” என்று பதில். ரசீதும் இல்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மச்சானோடு கடலுக்குப் போனேன். கரை மரங்கள் ஒரு கோடாகச் சுருங்கிய இடத்தில், சரியாக இருபது நிமிடத்தில், மோட்டார் இருமியது, நின்றது. கால் மணி நேரம் ஆறவிட்டதும் கிளம்பியது. பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது. மூன்றாம் முறை கயிறு மட்டும்தான் வந்தது. கச்சான் காற்று எங்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டுவிட்டுச் சட்டையை அசைத்தோம். நண்டு வலைக்குப் போன ஒரு படகுக்காரர் கயிறு போட்டு இழுத்துவந்தார். டீசலுக்குக்கூட அவர் காசு வாங்கவில்லை. அன்று நடந்த ஒரே நல்ல காரியம் அது.

இனிதான் இரண்டாவது ஏமாற்று. பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “பெட்ரோல்தான் காரணம், இப்போது எத்தனால் கலந்து வருகிறதே” என்றார். சொன்னதில் பாதி உண்மை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், பல நாள் நின்ற மோட்டாரில் கார்புரேட்டரை அடைக்கும். ஆனால் நன்றாகக் கிளம்பி, இருபது நிமிடம் ஓடி, சூடேறியபின் நிற்கும் மோட்டாருக்கு அதையே காரணம் சொல்லலாமா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. கார்புரேட்டர் சுத்தம் செய்தார், ஸ்பார்க் பிளக் மாற்றினார், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை இழுக்கும் ரப்பர் சக்கரத்தையும் மாற்றியதாக “இம்பெல்லர் புதிது” என்று பில்லில் எழுதினார். 6,200 ரூபாய். அடுத்த முறையும் அதே இருபது நிமிடம்.

கடைசியில் மச்சானுக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை, முதலில் கேள்விதான் கேட்டார். “நிற்கப் போகும்போது எரிபொருள் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழைப் பிசைந்து பார்த்தீர்களா?” மச்சான் பிசைந்திருந்தான், பயனில்லை. “பிசைந்ததும் உயிர் வந்தால் பெட்ரோல் வரத்தில் கோளாறு. வரவில்லை என்றால் வேறு இடம் பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு, பிளக்கைக் கழற்றி அழுத்தமானியை மாட்டினார். மேல் சிலிண்டர் 120, கீழ் சிலிண்டர் 70. இரண்டுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தாலே யோசிக்க வேண்டுமாம். என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அடிப்பகுதிக்குக் குனிந்தார்.

கியர் பெட்டியின் கீழ் திருகைத் தளர்த்தியதும் வழிந்தது பால் டீ. எண்ணெயில் கடல்நீர் கலந்தால் அந்த நிறம்தான். புரொப்பெல்லரைக் கழற்றினார். அதன் பின்னால் தங்கூசி நரம்பு, அதாவது மீன்பிடி நைலான் இழை, இறுக்கமாகச் சுற்றியிருந்தது, பச்சை நிறம், விரல் கனத்துக்கு. அது தண்டோடு சேர்ந்து சுழன்று ரப்பர் சீலை அறுத்து வழி விட்டிருக்கிறது. புதுப் பெயின்ட் அந்த நரம்பின்மேலும் பூசப்பட்டிருந்தது.

பிறகு தண்ணீர் பம்ப். பில்லில் “புதிது” என்று இருந்த இம்பெல்லரில் இரண்டு இதழ்களைக் காணோம். மிச்சமிருந்தவை ஒரே பக்கம் வளைந்து, நகம்போல் கெட்டியாகக் கிடந்தன. எங்கள் பாக் நீரிணைக் கரையில் ஆழம் குறைவு. சேறும் கடற்புல்லும் உள்ளே போய் இம்பெல்லரைத் தின்றுவிடும், அது இயல்பு. ஆனால் மாற்றாமலே மாற்றியதாகப் பில் போடுவதற்குக் கடற்புல் என்ன செய்யும்? உடைந்த துண்டு ஒன்று சிலிண்டர் தலைக்குள் போகும் வழியில் சிக்கியிருந்தது, அதைச் சுற்றி உப்பு இறுகியிருந்தது. வெளியே தண்ணீர் பீய்ச்சினால் பம்ப் ஓரளவு ஓடுகிறது என்று மட்டும்தான் அர்த்தமாம். உள்ளே எல்லா வழியும் திறந்திருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கீழ் பிஸ்டனில் நகத்தால் தடவினாலே தெரியும் கீறல்கள்.

பிஸ்டன், ரிங், சீல், இம்பெல்லர், கூலி எல்லாம் சேர்த்து 31,000 ஆயிற்று. முதல் மெக்கானிக்கிடம் பழைய இம்பெல்லரை மேசைமேல் வைத்தேன். பேசாமல் அதற்கான பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். மாற்றிய பழைய பாகத்தை அன்றே கையில் கேட்டு வாங்கியிருந்தால் இந்தக் கூத்து முதலிலேயே தெரிந்திருக்கும். தரகரோ, “கடலில் ஓடும் பொருளுக்கு யார் தம்பி உத்தரவாதம் தருவார்கள்?” என்று எனக்கே டீ சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லாததால் நானும் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

தடைக்காலம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போதுதான் படகு மறுபடி இறங்கியது.

போன வாரம் அந்தக் கடை வழியாகப் போனேன். டிரம்மில் இப்போது ஒரு 15 குதிரைத்திறன் நிற்கிறது. கருகருவென்று பெயின்ட், புது ஸ்டிக்கர். அதைப் பார்க்க நினைப்பவர்கள் போன் செய்யாமல் விடியற்காலையிலேயே போங்கள். மூடியைத் தொட்டுப் பாருங்கள். கீழ் திருகைத் தளர்த்தச் சொல்லுங்கள். மறுத்தால், பஸ் நிறுத்தம் எதிரிலேயே இருக்கிறது.