குரோனிங்கன் மாணவர் ஆய்வு மாநாடு: கேள்விகளுக்காகவே போகலாம்

நெதர்லாந்தின் வடபகுதியில் உள்ள குரோனிங்கன் நகரில், ஆண்டுதோறும் ஜூன் மாத வாக்கில் ‘ஐஸ்காம்ஸ்’ என்னும் பன்னாட்டு உயிர்மருத்துவ மாணவர் மாநாடு நடைபெறுகிறது. 1990-களில் தொடங்கிய இதை அவ்வூர்ப் பல்கலைக்கழக மாணவர்களே முன்னின்று நடத்துகிறார்கள். பெரிய மருத்துவ மாநாடுகளில் மாணவர்கள் தங்கள் ஆய்வை விளக்கி வைக்கும் போஸ்டர்கள் உணவுக்கூடம் போகும் வழியில் ஓரமாக நிற்கும். நின்று படிப்பவர்கள் குறைவு. இங்கே மாணவர் ஆய்வுதான் நிகழ்ச்சியின் நடுநாயகம், பேராசிரியர்கள் அதைக் கேட்கவும் கேள்வி எழுப்பவுமே வருகிறார்கள் என்பதால், இம்மாநாட்டை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

போஸ்டர் அமர்வு ஒன்றில், சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு புரதத்தின் அளவை ஒப்பிட்டிருந்த மாணவியிடம், ரத்தம் எடுத்ததற்கும் அதை உறைநிலையில் வைத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று நடுவர் கேட்டார். அதைக் குறித்து வைக்கவில்லை என்று அவர் மழுப்பாமல் சொன்னார். நடுவர் அதோடு நகர்ந்துவிடவில்லை. அந்தத் தாமதம் அளவீட்டை எப்படி மாற்றக்கூடும், கையிலுள்ள மாதிரிகளில் எவற்றை இனியும் நம்பலாம் என்று பொறுமையாக விளக்கினார். பரிசும் சான்றிதழும் கொடுக்க முடியாத பயிற்சி இது.

சிறுநீரக ஆய்வுக்கு இவ்வூர் பொருத்தமான இடமும்கூட. 1938-இல் இங்குள்ள மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர் வில்லெம் கோல்ஃப், சிறுநீரகம் செயலிழந்து ஓர் இளைஞர் இறந்ததைக் கண்டு, செலோபேன் என்னும் மெல்லிய படலத்தாலான உறையின் வழியே ரத்தத்திலிருந்து யூரியா என்னும் கழிவுப்பொருளைப் பிரிக்க முடியுமா என்று சோதிக்கத் தொடங்கினார். போர்க்காலத்தில் காம்பென் நகரில் அவர் உருவாக்கிய டயாலிசிஸ் கருவி, 1943-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டது.

அறிஞர்களின் சிறப்புரைகள் சிறப்பானவையே. ஆனால் அவற்றுக்காக மட்டும் இவ்வளவு தூரம் பயணம் செய்யத் தேவையில்லை. செய்முறைப் பட்டறைகளில் உங்கள் துறைக்கு வெளியிலிருந்து ஒன்றையாவது தேர்ந்தெடுங்கள். தெரிவு பெறும் சிலர் மாநாட்டுக்குப் பிறகும் தங்கி, பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வுக் குழு ஒன்றுடன் இரண்டு வாரங்கள் பணிபுரியலாம் என்பது என் பார்வையில் மாநாட்டின் ஆகச் சிறந்த அம்சம், விண்ணப்பிக்கத் தயங்காதீர்கள்.

செலவுதான் பெரிய தடை. விமானக் கட்டணத்தோடு, 2024 ஜூன் முதல் 90 யூரோவாக உயர்ந்த ஷெங்கன் விசாக் (நெதர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கட்டணமும் சேரும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், மாநாட்டுக்கு அனுப்பிய உங்கள் ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டதும் நேர்காணல் நாளைப் பதிவு செய்துவிடுவது நல்லது. ஆம்ஸ்டர்டாம் ஷிபோல் விமான நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத்தில் ஊர் வந்துவிடும்.

பார்வையாளராக மட்டும் இவ்வளவு செலவு செய்து போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) உதவித்தொகையில் இரண்டு மாத ஆய்வை முடித்து, அதன் அறிக்கையை அலமாரியில் வைத்திருக்கும் எம்.பி.பி.எஸ். மாணவர்கள், அதைச் சுருக்கி அனுப்பிப் பார்க்கலாம்.