ரைஃபிள் வைக்கிற இரும்புப் பெட்டி: ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு

அப்பாவின் 315 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுக்கு லைசென்ஸ் என் பெயருக்கு வந்ததும் வேலூரில் ஒரு கடையில் நாலரை அடி உயர இரும்புப் பெட்டி வாங்கினேன். தகடு நல்ல கனம், பூட்டும் உறுதி, பின்பக்கத் துளை வழியாகச் சுவரில் முடுக்கிவிட்டால் அசைக்க முடியாது.

ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சு மோசம். ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு, பேரலில் (துப்பாக்கிக் குழலில்) அது பட்ட இடத்தில் மட்டும் விரல் நீளத்துக்குத் துரு ஏற்றிவிட்டது, பார்த்ததும் வயிறு எரிந்தது. கடையில் கேட்டால் "எல்லாப் பெட்டியும் இப்படித்தான் சார்" என்கிறார்கள்!

ஸ்பாஞ்சைப் பிய்த்துவிட்டேன். இப்போது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறினால் வேறு பை. கை வேர்வையின் உப்பே துரு பிடிக்கப் போதும் என்பதால் தொட்ட ஒவ்வொரு முறையும் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன், அதிகம் பூசினால் வழிந்து ரைஃபிளின் மரக்கட்டை ஊறிவிடும். அப்புறம், சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பேன். சேம்பரை மூடும் போல்ட்டைக் கழற்றித் தனியாக, தோட்டா வேறு பூட்டில். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், இரண்டு சாவியும் என் இடுப்பில்தான்.

பூட்டுக்காக வாங்கலாம், ஸ்பாஞ்சை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.