கல்லடிச் சூட்டில் கொம்புச்சா: 4,800 ரூபாய்ப் பெட்டியில் எது தேறியது

கொம்புச்சா என்பது இனிப்புத் தேத்தண்ணியைப் புளிக்க வைத்த பானம். அதை வீட்டில் செய்யச் சாமான் எல்லாம் போட்டு, கொழும்பில் இருந்து மட்டக்களப்புக் கல்லடிக்குக் கூரியரில் வந்த பெட்டிக்கு 4,800 ரூபா கொடுத்தேன். கூரியர்க் காசு வேறு. மூன்று மாதம் அதோடு மாரடித்த பிறகு சொல்கிறேன், அந்தப் பெட்டியில் காசு கொடுக்கத் தக்க சாமான் ஒன்றே ஒன்றுதான். மற்றதில் பாதி என் குசினியில் ஏற்கெனவே கிடந்தது.

மூன்று லீற்றர் கண்ணாடிச் சாடி, ஒரு வலைத்துணி, றப்பர் பட்டி, ஆறு தேயிலைப் பை, 200 கிராம் சீனி, புளிப்புப் பார்க்கும் பிஎச் தாள் ஐந்து, கம்பிப் பூட்டுப் போட்ட சதுரப் போத்தல் இரண்டு. இலங்கையில் இருக்கிற ஒருத்திக்குத் தேயிலையைப் பொதி கட்டி அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். சரி, அழகான பெட்டி என்று விட்டுவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொலித்தீன் பை, வழிச் சூட்டில் உப்பிப்போய்க் கிடந்தது. மாமி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "என்ன பிள்ளை, இளநி வழுக்கையைக் கட்டி அனுப்பியிருக்கிறானுகள்?"

மாமி சொன்னது அவ்வளவு பிழையில்லை. தேத்தண்ணியில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. ஈஸ்ட் சீனியைத் தின்று மதுசாரமும் வாயுவும் விடும், பாக்டீரியா அந்த மதுசாரத்தைப் புளிப்பாக்கும். மேலே மிதக்கிற வழுக்கை, பாக்டீரியா நெய்த செலுலோஸ். டின்னில் விற்கிற நாட்டா டி கோக்கோவும் இதே சாதிப் பாக்டீரியா தேங்காய்த் தண்ணீரில் நெய்ததுதான். ரஷ்யர்கள் கொம்புச்சாவைத் தேயிலைக் காளான் என்பார்கள், ஆனால் இது காளான் இல்லை.

மாமி வீட்டில் தயிர் வைக்கிறவ. படுவான்கரையில் இருந்து வரும் எருமைப் பாலை விட்டால் வேறு பால் தொடமாட்டா. நான் இவ்வளவும் விளக்கி முடிய, "அப்ப இது உறைதானே" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டா. பிறகு பையை ஆட்டிப் பார்த்து, "உறை காணாது. பாலைக் குறைச்சு வை" என்றா. அந்தப் பெட்டியோடு வந்த துண்டுப் பிரசுரம் முழுவதையும் விட இது பெறுமதி. பையில் இருந்த புளித்த தண்ணீர் 100 மில்லிலீற்றர் வரும். புதுத் தேத்தண்ணியில் பத்தில் ஒரு பங்காவது பழைய புளித்த தண்ணீர் இருந்தால்தான் பூஞ்சணம் ஏறாமல் தாங்கும். பிரசுரமோ இரண்டரை லீற்றர் வைக்கச் சொன்னது. வழுக்கை பெரிதாக இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள் போல, உண்மையான உறை அது கிடக்கிற தண்ணீரில்தான் இருக்கிறது.

அதனால் முதல் தரம் ஒரு லீற்றர் மட்டும் வைத்தேன். பெட்டியில் வந்த தேயிலைப் பை எனக்குச் சாயம் காணாது, வீட்டில் இருந்த பிஓபிஎஃப் என்கிற சன்னத் தேயிலைத் தூள் இரண்டு தேக்கரண்டி போட்டேன். சீனி 80 கிராம். எங்கள் கிணறு கடலுக்கும் வாவிக்கும் நடுவில், தண்ணீர் கொஞ்சம் உவர்க்கும். குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்தில் இருந்து வருவது, குளோரின் வாசம் அடிக்கும், கொதிக்க விட்டால் போய்விடும். தேத்தண்ணி நன்றாக ஆறிய பிறகுதான் உறை விட வேண்டும். தயிர் வைக்கிற கைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

பிரசுரம் 10 முதல் 14 நாள் என்றது. நான் வைத்தது ஜூலை, கச்சான் காற்று வீசுகிற நேரம். குசினியில் இரவிலும் 30 பாகைக்குக் கீழே இறங்காது. பத்தாம் நாள் திறந்தால் மூக்கைத் துளைக்கிற வினாகிரி! மாமி அதை எடுத்து அச்சாறு போட்டா, அச்சாறு நன்றாக இருந்தது. நுவரெலியாவுக்கு எழுதின கணக்கைக் கிழக்குக் கரைக்கு அனுப்பினால் இப்படித்தான். இப்போது நான்காம் நாள் தொடக்கம் உறிஞ்சுகுழாயால் ருசி பார்க்கிறேன், ஆறாம் நாள் எடுத்துவிடுகிறேன். அந்த நேரம் பிஎச் தாள் 3 காட்டும். தாளுக்கு மட்டும் முழுப் புள்ளி.

வலைத்துணிக்குப் பூச்சியம். கண் பெரிது, பழ ஈ சும்மா புகுந்து வந்தது. பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்துக் கட்டினேன், அதன் பிறகு ஒரு ஈ இல்லை.

இனி அந்தச் சதுரப் போத்தல். ஒன்றில் கொடித்தோடைச் சாறு விட்டு, வாயு பிடிக்கட்டும் என்று மூடி மேல்தட்டில் வைத்தேன். பிரசுரம் ஐந்து நாள் வெளியில் வைக்கலாம் என்றது. இரண்டாம் இரவு வெடித்த சத்தத்தில் இவர் தென்னையில் தேங்காய் விழுந்ததென்று டோர்ச்சோடு வெளியே போய்விட்டார். போத்தல் மூலையோடு பிளந்து, சீனி டின்னுக்குள் கண்ணாடி, சுவரெல்லாம் கொடித்தோடை விதை. வாயு நெருக்கும்போது சதுரப் போத்தலின் மூலைகள்தான் முதலில் விடும், உருண்டைப் போத்தல் தாங்கும். படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். சதுரம் அழகுக்காக என்று பதில் வந்தது. பிள்ளை பகலில் அந்தத் தட்டுக்குக் கீழேதான் நின்று தண்ணீர் குடிப்பான், எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இப்போது சோடா வந்த பிளாஸ்டிக் போத்தலில் விடுகிறேன். கையால் அமுக்கிப் பார்த்து, கல்லுப்போல் இறுகியதும் ஃபிரிட்ஜுக்குள்.

இன்னொரு குறையும் இருக்கிறது. பெட்டியில் 'மதுசாரம் அறவே இல்லை' என்று அச்சடித்திருக்கிறார்கள். அது பொய். கொஞ்சமாவது இருக்கும், மூடிய போத்தலில் கூடும். என்னோடு வேலை செய்கிற காத்தான்குடி முஸ்லிம் தோழி ஆசையாகக் கேட்டா, உள்ளதைச் சொன்னேன், வேண்டாம் என்றுவிட்டா. பெட்டியை நம்பிக் கொடுத்திருந்தால் அவ முகத்தில் எப்படி முழிப்பது? சீனி வருத்தம் மாறும் என்பதையும் அதே பெட்டியில்தான் எழுதியிருக்கிறார்கள். குடிக்கிற நேரத்திலும் அதில் சீனி மிச்சம் இருக்கிறது. மாமிக்குச் சீனி வருத்தம், அதனால் ஒரு மிடறுக்கு மேல் கொடுப்பதில்லை.

ருசி? ஆறாம் நாள், குளிர, இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டது. வெயிலில் வந்து குடித்தால் நெல்லிக்காய்ச் சோடாவுக்குக் கிட்ட நிற்கும். நாவற்பழம் போட்டால் நிறம் அபாரம், ருசி சுமார்தான்.

பெட்டியை வாங்க வேண்டாம். ஒவ்வொரு தரமும் மேலே புதுப் படை ஒன்று கட்டுகிறது, என்னிடம் இப்போது நான்கு இருக்கின்றன. கல்லடி, ஆரையம்பதிப் பக்கம் தெரிந்தவர்கள் யாருக்கும் வேண்டுமென்றால் கழுவின ஜாம் போத்தல் ஒன்றோடு வாருங்கள், புளித்த தண்ணீரும் தாராளமாக விட்டுத் தருகிறேன். வேட்டித் துணியும் இருக்கிறது.